தொழிலாளர், விவசாயம், பொதுச் சுகாதாரம் பற்றிய ஆய்வுகளால் நடைமுறையில் ஏதாவது மாறியிருக்கிறதா?

இந்தத் துறைகளில் முனைவர் பட்டம் செய்யலாமா என்று யோசிப்பதாகவும், ஆய்வேடுகள் நூலகத்தில் தூசி படிவதற்குத்தானோ என்ற சந்தேகம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தொழில்சார் சுகாதாரம் நான் படித்த துறை என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

மாறியிருக்கிறது. ஆனால் நான் வாசித்தவரை, உருப்படியாக ஏதாவது மாறிய இடங்களில் பெரும்பாலும் வேலை செய்தவர்களுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. அவர்கள் சொன்னதை யாரும் தட்டிக்கழிக்க முடியாதபடி அளந்து காட்டியதுதான் ஆய்வாளர்களின் பங்கு.

1977-இல் கலிபோர்னியாவின் லாத்ராப்பில் இருந்த ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்து அங்கே தயாரானது. தங்களில் பலருக்கும் குழந்தை பிறப்பதே நின்றுபோனதை அங்கு வேலை செய்த ஆண்கள் தங்களுக்குள் பேசித்தான் கண்டுபிடித்தார்கள். பரிசோதித்த மருத்துவர்கள் அதை உறுதி செய்தார்கள். கொடுமை என்னவென்றால், இதே மருந்து எலிகளின் விந்தகத்தைச் சுருக்குகிறது என்ற ஆய்வு 1961-லேயே அச்சாகியிருந்தது. பதினாறு வருடம் அந்தத் தாள் இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஆட்கள் வாய் திறந்த இரண்டே வருடத்தில், 1979-இல், அமெரிக்கப் பெருநிலத்தில் அதன் பயன்பாடு ஏறக்குறைய முழுதாக நின்றது. ஹவாய் அன்னாசித் தோட்டங்களுக்கு மட்டும் 1985 வரை விலக்கு இருந்தது. மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களின் கதை தனி; அங்கிருந்து தொடுக்கப்பட்ட வழக்குகள் பல பத்தாண்டுகள் இழுத்தன.

அதே மாநிலத்தில் 1975-இல் குட்டைப்பிடி மண்வெட்டி தடை செய்யப்பட்டதும் இந்த ரகம்தான். நாள் முழுக்க இடுப்பை ஒடித்துக் குனிந்தால்தான் அதைப் பிடித்து வேலை செய்ய முடியும். முதுகு போய்விடும் என்பது அதைப் பிடித்த எல்லாருக்கும் தெரியும். மருத்துவர்கள் வந்து சாட்சி சொன்னபிறகுதான் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு அது தெரிந்தது.

இனி நான் அதிகம் யோசித்த விஷயத்துக்கு வருகிறேன்: மத்திய அமெரிக்கக் கரும்பு வெட்டுபவர்களின் சிறுநீரக நோய். எல் சால்வடோரின் தலைநகரில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து வந்தவர்களைப் பற்றி 2002-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை நோயும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. பலர் கடலோரத் தாழ்நிலங்களில் விவசாய வேலை செய்த ஆண்கள். நிகராகுவாவின் சிச்சிகல்பா நகரை ஒட்டிய ஒரு குடியிருப்பை, ஆண்கள் இப்படிச் செத்துக்கொண்டே இருந்ததால், விதவைகளின் தீவு என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.

காரணம் என்ன? தொழிலாளர்கள் பூச்சிமருந்து என்றார்கள். குடிநீர் என்று சிலர். 2012-இல் வெளிவந்த ஓர் ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தது. எல் சால்வடோரில் கடலோரத்தில் கரும்பு வெட்டும் ஊர்களையும், சுமார் 500 மீட்டர் உயரத்தில் கரும்பு வெட்டும் ஊரையும் எடுத்துக்கொண்டு, ஆண்களின் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள்; சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடும் கழிவுப்பொருள் அது. இரண்டு இடத்திலும் கரும்புதான்; ஆனால் கடலோரத்தில்தான் பாதிப்பு கூடுதல். நிகராகுவாவில் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் கட்டட வேலையிலும் இருந்தவர்களைப் பார்த்தபோது அங்கேயும் சிறுநீரகச் சேதம் தெரிந்தது. பயிரைத் தாண்டி, வெயிலில் செய்யும் கடும் உழைப்பை நோக்கி விரல் நீண்டது. வேறு நச்சுப்பொருளும் கூடச் சேர்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

சரி, வெயில்தான் என்று வைத்துக்கொண்டால் மருத்துவர் என்ன சொல்வார்? தண்ணீர் குடி, நிழலில் உட்கார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கூலி டன் கணக்கில் என்றால்? உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் அவன் பையிலிருந்து போகிறது. இடுப்பு வலித்தால் ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெட்டுவான், அந்த மாத்திரையும் சிறுநீரகத்துக்கு ஆகாது. நோய் மருத்துவரிடம் வருகிறது, கூலிமுறையோ தொழிலாளர் துறையில் இருக்கிறது, வெட்டுவதற்கு முன் கரும்பைக் கொளுத்துவதா வேண்டாமா என்பது வேளாண்மைக்காரர் முடிவு, டயாலிசிஸ் செலவு சமூகநலத் துறையின் தலையில். நாலு துறையும் நாலு ஆய்விதழில் எழுதுகின்றன. ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதே இல்லை என்பது என் தனிப்பட்ட எரிச்சல்.

சிறுநீரகம் கெட ஆரம்பித்தவர்களைக் கண்டுபிடிக்க, ஆலைகள் அறுவடைக்கு ஆள் எடுக்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்தன. மருத்துவக் கண்ணில் அது நல்ல ஏற்பாடு. கிரியாட்டினின் கூடியவனுக்கு வேலை கிடையாது என்று வந்ததும், தொழிலாளியின் கண்ணில் அது வேலைநீக்கப் பரிசோதனையாகிவிட்டது. ஆய்வுக்கும் இதில் ஒரு பொறி இருக்கிறது. வயலில் நிற்பவர்களை மட்டும் அளந்தால் எல்லாரும் திடமாகத்தான் தெரிவார்கள். முடியாதவர்கள் ஏற்கெனவே வீட்டில் படுத்திருப்பார்கள், அல்லது சோதனையே இல்லாத ஒப்பந்தக்காரரிடம் போயிருப்பார்கள். வேலைத்தளத்தில் மட்டும் எடுத்த ஆய்வு எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, விலகிப்போனவர்களைப் பற்றி அதில் ஒரு பத்தியாவது இருக்கிறதா என்பதைத்தான்.

நிகராகுவாவில் நகர்வு ஏற்பட்ட விதம் சுவையானது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2006-இல் அங்குள்ள கரும்பு நிறுவனம் ஒன்றுக்குக் கடன் கொடுத்திருந்தது. நோயுற்ற முன்னாள் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் 2008-இல் அந்தக் கழகத்தின் குறைதீர் அமைப்பிடம் புகார் கொடுத்தார்கள். ஆலையும் தொழிலாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, யார் ஆய்வு செய்வது என்பதைச் சேர்ந்தே முடிவு செய்தார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு வந்தது. முடிவு எதுவாக வந்தாலும் இரு தரப்பும் அதைத் தூக்கி எறிய முடியாது. இந்த ஒரு ஏற்பாட்டை எந்த நுட்பமான புள்ளியியலைவிடவும் மேலாக மதிக்கிறேன். பின்னாளில் எல் சால்வடோரிலும் நிகராகுவாவிலும் ஆலைகளோடு சேர்ந்து தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு இவற்றை அறுவடை அட்டவணைக்குள்ளேயே கொண்டுவரும் திட்டங்கள் நடந்தன. ஓய்வைக் கூட்டிய பருவங்களில் புதிதாகச் சிறுநீரகம் பாதிக்கப்படுவது குறைந்தது.

இதன் மறுபக்கம் இலங்கை. வட மத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடையே இதைப் போன்றே காரணம் தெரியாத சிறுநீரக நோய் 1990-களிலிருந்து பேசப்படுகிறது. கிளைபோசேட் களைக்கொல்லியும் கடின நீரும் சேர்ந்து செய்யும் வேலையாக இருக்கலாம் என்று 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. அது ஒரு கருதுகோள், நிரூபணம் கிடையாது. 2015-இல் நாடு முழுவதும் கிளைபோசேட்டுக்குத் தடை. 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடை தளர்ந்தது. கொள்கை ஆய்வுக்கு முன்னால் ஓடினால் இப்படித்தான் முன்னும் பின்னும் இழுபடும். தடை தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் தடையாகிவிட்டது என்ற நிம்மதியில் வெயில், தண்ணீர், வேலைநேரம் எல்லாம் கோப்பின் அடியில் போய்விடும் ஆபத்து உண்டு.

இந்தத் துறைகளை ஒட்டிய சமூகக் கொள்கைக்கும் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் மெக்சிகோவின் புரோகிரேசா என்ற நலத்திட்டம். 1997-இல் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களுக்குப் பணம், பதிலுக்குக் குழந்தைகள் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் போக வேண்டும். மதிப்பீட்டுக்காக 506 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 320-இல் முதலிலும் மீதி 186-இல் பின்னரும் கொடுத்தார்கள். நல்ல முடிவுகள் கையில் இருந்ததும் ஒரு காரணமாக, 2000-இல் ஆட்சி மாறியபோதும் திட்டம் வேறு பெயரில் பிழைத்தது. பின்னர் வந்த இன்னொரு அரசு 2019-இல் அதை மூடிவிட்டது. சான்று அப்படியேதான் இருந்தது.

ஆகவே உங்கள் முனைவர் பட்டத்துக்கு: செய்யுங்கள். ஆனால் தலைப்பைப் பதிவு செய்யும் முன், யாரை அளக்கப் போகிறீர்களோ அவர்களில் சிலரிடம் அவர்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவர்களே நினைக்கிறார்கள் எனக் கேட்டுப் பாருங்கள். நெறியாளர் மருத்துவத் துறை என்றால், கூலி பற்றித் தெரிந்த ஒருவரை ஆய்வுக் குழுவில் இணை நெறியாளராகக் கேட்டு வாங்குங்கள். பொருளியல் துறை என்றால் ரத்தப் பரிசோதனை தெரிந்த ஒருவரை. நிதி கொடுப்பவருடன் கையெழுத்திடும்போது, முடிவை வெளியிடும் உரிமை யாரிடம், ரத்தம் கொடுத்தவருக்கு அவருடைய சொந்த முடிவு போய்ச் சேருமா, அது அவர் முதலாளி கைக்கும் போகுமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் அந்தப் பணத்தைத் தொட வேண்டாம்.