வலப்பக்க இதயமும் பைபாஸும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அம்பாசமுத்திரம் வாசகி: என் கணவருக்கு இதயம் வலப்பக்கமும் கல்லீரல் இடப்பக்கமும் இருப்பது ஆஞ்சியோவின்போதுதான் தெரிந்தது. மூன்று குழாய்களில் அடைப்பு இருக்கிறது. பைபாஸ் தாங்குவாரா?

தாங்குவார் அம்மா. உறுப்புகள் அனைத்தும் இடம்வலமாக மாறியிருக்கும் இந்த அமைப்பு ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்குக் காணப்படுகிறது. அதனால் மட்டும் இதயத்தின் வலிமை குறைவதில்லை. சிரமமெல்லாம் அறுவை செய்பவருக்குத்தான். வழக்கமாக நோயாளியின் வலப்பக்கம் நிற்பவர், இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாயைச் செருக வேண்டிய இதய மேலறை இடப்பக்கம் இருப்பதால், பல நேரங்களில் அங்கே நின்று, கை பழகிய தையல் கோணங்களை மாற்றிக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கும். மற்றவர்களுக்கு இதயத்தின் முன்பக்கத் தமனியுடன் இடது மார்புத் தமனியை இணைப்பார்கள். உங்கள் கணவருக்கு வலது மார்புத் தமனியே அதற்கு அருகில் இருக்கும். ஆகவே முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து, எங்கே நிற்பது, எந்தத் தமனியை எடுப்பது என்று திட்டமிட்டிருக்கிறார்களா என அறுவை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சங்கரன்கோவில் வாசகர்: எனக்கும் இதயம் வலப்பக்கம்தான். ஈசிஜி எடுத்தவர் ஒயரை மாற்றி மாட்டிவிட்டதாக நினைத்தார். ஏன்?

ஒயர் மாறியிருந்தாலும், இதயம் வலப்பக்கம் இருந்தாலும், முதல் லீடில் (இரு கை ஒயர்களிலிருந்து கிடைக்கும் பதிவில்) அலைகள் தலைகீழாக வரும். ஆனால் கை ஒயர்கள் மட்டும் மாறியிருந்தால் மார்பு லீடுகள் இயல்பாகவே இருக்கும். உங்களைப் போன்றவர்களுக்கோ வி1 முதல் வி6 வரையிலான மார்பு லீடுகளில் ஆர் அலை (மேல்நோக்கி எழும் கூர்முனை) சிறுத்துக்கொண்டே போகும். மார்பு லீடுகளை வலப்பக்கம் ஒட்டி, கை ஒயர்களை இடம் மாற்றி இன்னொரு முறை எடுத்தால்தான் மாரடைப்பு உண்டா இல்லையா என்று சரியாகப் படிக்க முடியும். இதை எழுதிய சீட்டொன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

வள்ளியூர் வாசகர்: மாரடைப்பு வலி எந்தப் பக்கம் வரும்?

வலப்பக்கமும் வலக்கையிலும் வரலாம், நடுநெஞ்சிலும் வரலாம். பக்கத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

பாளையங்கோட்டை வாசகி: இதே அமைப்புள்ள என் மகனுக்குப் பிறந்தது முதல் சளியும் சைனஸ் தொல்லையும் ஓயவில்லை. அத்தை மகனைக் கட்டியதால் வந்ததா?

சுவாசப்பாதையின் நுண்மயிர்கள் சரியாக அசையாத பரம்பரைக் குறையாக இருக்கலாம். மருத்துவர் கார்டஜெனர் 1933-இல் விவரித்த நோய்த்தொகுப்பும் இதைச் சேர்ந்ததே. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வெளிப்படும் என்பதால், சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல். அதற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னாளில் எந்த அறுவை நடந்தாலும் மயக்க மருத்துவரிடம் இந்தச் சளியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டால், மூச்சுப் பயிற்சியும் சளியை வெளியேற்றும் சிகிச்சையும் அளித்த பிறகே அவர் மேசையில் ஏற்றுவார்.