1789இல் கலகம் நடந்த பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் பவுண்டி பற்றிய பதிவுகள் பதவிகளில் முரண்படுகின்றன. கப்பலை நடத்திய வில்லியம் ப்ளை கேப்டனா, லெப்டினன்ட்டா? கலகத்துக்குத் தலைமை தாங்கிய ஃப்ளெட்சர் கிறிஸ்டியன் மாஸ்டர்ஸ் மேட்டா (கப்பலைச் செலுத்தும் பொறுப்பாளரான மாஸ்டரின் உதவியாளர்), லெப்டினன்ட்டா?

ப்ளை விஷயம் எளிது. பவுண்டி சின்னக் கப்பல், கடற்படை அதை கட்டர் என்ற சிறு கப்பல் வகையில் சேர்த்திருந்தது. அந்த அளவுக் கப்பலுக்கு லெப்டினன்ட்டே போதும். 1781இல் லெப்டினன்ட் ஆனவர், 1789 ஏப்ரல் 28 கலகத்தின்போதும் அதே பதவியில்தான் இருந்தார். கப்பலை நடத்துபவரை எல்லோரும் கேப்டன் என்று அழைப்பது வழக்கம், அவ்வளவுதான். முறைப்படி கேப்டன் ஆனது 1790இல், இங்கிலாந்து திரும்பிய பிறகு. ஆகவே 'கேப்டன் ப்ளை' என்று எங்காவது பார்த்தால், எந்த ஆண்டைப் பற்றிய பேச்சு என்று முதலில் பாருங்கள்.

ஃப்ளெட்சர் கிறிஸ்டியன்தான் உண்மையான சிக்கல். கப்பலில் சேர்ந்தபோது அவர் மாஸ்டர்ஸ் மேட். 1788 மார்ச்சில், நடுக்கடலில், ப்ளை அவரைத் தற்காலிக லெப்டினன்ட் ஆக்கினார். மாஸ்டர் ஃப்ரையர் இருக்க, அவருக்குக் கீழே இருந்தவரை அவருக்கு மேலே உயர்த்தியது பலரும் கவனிக்காத சங்கதி! ஆனால் கப்பல் தலைவர் தரும் இந்தப் பதவி தற்காலிகமானது. கடற்படைத் தலைமையான அட்மிரால்டி உறுதிப்படுத்தினால்தான் நிலைக்கும். கிறிஸ்டியனோ ஊர் திரும்பவே இல்லை.

எனவே இரண்டு பதிவுகளும் பொய்யல்ல. கலகத்தன்று அவர் செய்த வேலை லெப்டினன்ட் வேலை. லெப்டினன்ட்டுக்கான நியமனப் பத்திரம் மட்டும் அவர் கையில் இல்லை. நான் எழுதினால் 'தற்காலிக லெப்டினன்ட்' என்றே போடுவேன். வெறும் 'லெப்டினன்ட் கிறிஸ்டியன்' என்பதை ஏற்கமாட்டேன்.