மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது

கேள்வி: என் கணவர் சிகாகோவில் பிறந்து வளர்ந்த உக்ரைன் வம்சாவளிக்காரர். எங்கள் ஏழு வயது மகளைச் சனிக்கிழமைதோறும் 'உக்ரேனியன் வில்லேஜ்' பகுதியிலுள்ள உக்ரைன் மொழிப் பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறார் மாமியார். "நம் ஆட்கள் பலர் அங்கிருந்து போய்விட்டார்கள், இனி எதற்கு?" என்கிறார் கணவர். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தமிழ் வகுப்பு வேறு இருக்கிறது. என்ன செய்யட்டும்?
- வாசகி, சிகாகோ

பதில்: அனுப்புங்கள். கணவர் சொல்வதும் உண்மைதான். வீட்டு விலையும் வாடகையும் ஏறியதில் பல குடும்பங்கள் புறநகருக்குப் போய்விட்டன. ஆனால் போனவர்களும் சனி, ஞாயிறு வந்தால் அங்கேதான் கூடுகிறார்கள். கூடுவதற்கு இடம் இருக்கிறதே, அதை முன்னோர் பாடுபட்டு உண்டாக்கி வைத்தார்கள். 13 குவிமாடங்களோடு நிற்கும் புனித நிக்கோலஸ் பேராலயம் 1915-ல் கட்டி முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகதிகளாக வந்தவர்கள் 1951-ல் தங்களுக்கென்று கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார்கள், மறுவருடமே அருங்காட்சியகம். பிழைப்புக்கே அல்லாடிய காலத்தில் இதையெல்லாம் செய்திருக்கிறார்கள். எனக்கு மலைப்பாக இருக்கிறது.

சண்டையும் போட்டிருக்கிறார்கள். பண்டிகைகளுக்குப் பழைய ஜூலியன் நாட்காட்டியா, புதியதா என்று 1960-களில் பிளவு வந்தது. பழையதை விட மனமில்லாதவர்கள் அதே வட்டாரத்தில் தனியாக ஒரு தேவாலயம் கட்டிக்கொண்டார்கள். அக்கறை இல்லாதவர்கள் இப்படி மல்லுக்கு நிற்க மாட்டார்கள்.

ஈஸ்டருக்கு முன் மாமியார் பிசங்கா முட்டை வரைவார் என்றால் மகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சின்னக் கூம்பு பொருத்திய எழுதுகோலை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, உருகிய தேன்மெழுகால் முட்டை ஓட்டில் கோடு இழுப்பார்கள். முதலில் மஞ்சள் சாயம், மறுபடி மெழுகு, அப்புறம் சிவப்பு, கடைசியில் கறுப்பு. முட்டையே கரிக்கட்டை மாதிரி ஆகிவிடும். பிறகு சுடரோரம் பிடித்து, உருகும் மெழுகைத் துணியால் துடைக்கத் துடைக்க உள்ளே இருந்த நிறமெல்லாம் வெளியே வரும். ஏழு வயதில் இதைப் பார்த்த பிள்ளை மறக்காது. அந்த நேரத்தில் பாட்டி உக்ரைன் மொழியிலேயே பேசட்டும். நீங்கள் இடையில் புகுந்து மொழிபெயர்க்க வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு போருக்குத் தப்பி சிகாகோ வந்த குடும்பங்கள் நிறைய. ஊர், வீடு, சில சமயம் அப்பாவையே விட்டுவிட்டு வந்த பிள்ளைகள். அப்படி ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து உட்காரும்போது, உங்கள் மகள் அதன் மொழியில் நாலு வார்த்தை பேசினால் அது எத்தனை பெரிய ஆறுதல்! பள்ளிக்கு அனுப்ப இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

இரண்டு வகுப்பும் தாங்குமா என்ற உங்கள் கவலை நியாயமானது. ஒரு பருவம் பாருங்கள். களைத்துப்போனால் வீட்டுப்பாடத்தைக் குறைக்கச் சொல்லி இரண்டு ஆசிரியர்களிடமும் பேசுங்கள். எதையும் நிறுத்த வேண்டாம். சனிக்கிழமை அழைத்துப்போகும் வேலை கணவருடையதாக இருக்கட்டும். வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடாமல், மேசை நாற்காலி போடவாவது அவர் உள்ளே போகட்டும். அங்கே யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று அவரே பார்த்துக்கொள்வார்.