சினை இருக்கிறது, குஞ்சு எங்கே?

கேள்வி: எங்கள் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் இரண்டு கிளீனர் இறால்கள் உள்ளன. இரண்டின் வயிற்றிலும் மாறி மாறிப் பச்சை முட்டை தெரிகிறது. இரண்டு வாரத்தில் அது காணாமல் போகிறது, குஞ்சு ஒன்றைக்கூடக் கண்டதில்லை. இரண்டுமே பெண்ணா? குஞ்சு வளர்க்க வழி உண்டா?

பதில்: இரண்டுமே பெண்தான், இரண்டுமே ஆணும்கூட. கிளீனர் இறால் சேர்ந்த லிஸ்மாட்டா வகை இறால்கள் இளமையில் ஆணாக இருக்கும். வளர்ந்த பிறகு ஆண் தன்மையை விடாமலே பெண்ணாகவும் ஆகிவிடும். இரவில் எது சட்டை உரிக்கிறதோ அது அன்றைக்குப் பெண். ஓடு கெட்டியாக இருக்கும் மற்றது ஆண். ஆனால் தன் முட்டையைத் தானே கருவுறச் செய்ய அதனால் முடியாது, ஜோடி வேண்டும். (காலையில் தரையில் கிடக்கும் வெற்று ஓட்டைப் பார்த்து இறால் செத்துவிட்டதென்று பதறுபவர்கள் நிறைய. நானும் பதறியிருக்கிறேன்.)

உங்கள் முட்டை காணாமல் போகவில்லை, பொரிந்திருக்கிறது. விளக்கை அணைத்த சிறிது நேரத்தில் குஞ்சுகள் வெளிவரும். விடிவதற்குள் மீன்களும் பவளங்களும் தின்றது போக மிச்சத்தை ஃபில்டர் இழுத்துக்கொள்ளும்.

பச்சை நிறம் வெளுத்து, முட்டைக்குள் வெள்ளிப் பொட்டாகக் கண் தெரிந்தால் நாள் நெருங்கிவிட்டது. அன்றிரவு விளக்கோடு பம்புகளையும் நிறுத்திவிட்டு, ஒரு மூலையில் டார்ச் அடியுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து மொய்க்கும். வலை வேண்டாம், கால் ஒடிந்துவிடும். கிண்ணத்தால் தண்ணீரோடு மொள்ளுங்கள். தாய் இறாலை வேறு பாத்திரத்துக்கு மாற்றும் யோசனையும் வேண்டாம், மிரண்டால் முட்டையை உதிர்த்துவிடும். மொள்ளும் வேலை முடிந்ததும் பம்புகளை மறக்காமல் போடுங்கள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். கிளீனர் இறால் குஞ்சு, இறால் வடிவம் பெற்றுத் தரையில் இறங்க மாதக்கணக்கில் ஆகும், ஐந்து மாதம்கூட ஆகலாம். அத்தனை நாளும் மிதந்துகொண்டே தின்ன வேண்டும். வீட்டில் இதை முதல் முயற்சியாக நான் சொல்லமாட்டேன். பெப்பர்மின்ட் இறால் ஒரு ஜோடி வாங்குங்கள். அதுவும் லிஸ்மாட்டாதான். குஞ்சு ஏறக்குறைய ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் தரையிறங்கிவிடும். தொட்டியில் களைபோல் பெருகும் ஐப்டேசியா என்ற கடல் சாமந்தியின் தொல்லை இருந்தால் அதையும் பெரும்பாலும் தின்று தீர்க்கும்.

குஞ்சுப் பாத்திரத்தின் அடி உருண்டையாக இருக்கட்டும். ஏர் ஸ்டோன் போடாமல் வெறும் டியூபில் பெரிய குமிழிகளாக, மெதுவாகக் காற்று விடுங்கள். பொடிக் குமிழி குஞ்சின் உடம்பில் ஒட்டி அதை மேலே தூக்கிவிடும். 26 டிகிரி சூடு, 1.025 ஒப்படர்த்தி (உப்புநீரின் அடர்த்தி அளவு) போதும். குஞ்சு பொரிந்த அன்றே இரை வேண்டும், அதுவும் அப்போதுதான் முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் உயிரி. ஒரு நாள் பழசானால் அதில் சத்து இருக்காது. எனவே குஞ்சு வருவதற்கு முந்தின நாளே ஆர்ட்டீமியா முட்டையை ஊறப்போட்டுவிடுங்கள். முதல் வாரம் கழிந்ததும், சத்தேற்றிய ஆர்ட்டீமியாவுக்கு மாறுங்கள். தின்னாமல் மிஞ்சியதைத் தினமும் உறிஞ்சி எடுத்து, பெரிய தொட்டித் தண்ணீரால் நிரப்புங்கள்.

அப்புறம், மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். மீன் பிழைக்கும், இறால் செத்துவிடும்.

முதல் ஈடு தேறாமல் போனால் போகட்டும். குஞ்சு விட்ட ஓரிரு நாளில் தாய் மறுபடி சட்டை உரித்துச் சினைபிடித்துவிடும், இரண்டு வாரத்தில் அடுத்த ஈடு கிடைக்கும்.