ஜெர்சி விற்ற காசில் நெய்மாரை வாங்க முடியுமா?

கேள்வி: 2017-ல் பிரேசில் கால்பந்து வீரர் நெய்மாரை வாங்க பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி 22.2 கோடி யூரோ கொடுத்தது. ஜெர்சி ஒன்று 100 யூரோ என்றால், 22 லட்சம் விற்றாலே போட்ட காசு வந்துவிடாதா?

அந்த நூறு யூரோ கிளப்பின் கைக்கு வருவதே இல்லை. பிரான்ஸில் 20 சதவீத வரி விலைக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழித்தால் மிச்சம் 83 யூரோ சொச்சம். அதில் பாதி கடைக்காரருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்சியைத் தயாரிக்கும் நிறுவனத்துக்குப் போவது 42 யூரோ. கிளப்புக்குக் கிடைக்கும் ராயல்டி, அதாவது விற்பனையில் வரும் பங்கு, பெரும்பாலும் கடைக்காரர் கொடுக்கும் இந்த 42 யூரோவில்தான், 10 முதல் 15 சதவீதம். 12 என்று பிடித்தால் ஜெர்சிக்கு 5 யூரோ. 22.2 கோடியை ஐந்தால் வகுங்கள்: 4 கோடியே 44 லட்சம் ஜெர்சி. ஐந்து வருட ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 89 லட்சம். சம்பளம் தனி.

இதிலும் ஒரு ஓட்டை. நெய்மார் வராவிட்டாலும் வேறு பெயர் போட்டு வாங்கியிருக்கும் ரசிகரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நெய்மாரால் கூடுதலாக விற்றது மட்டுமே அவர் கணக்கு.

கேள்வி: கிளப்பின் சொந்தக் கடையில் விற்றால்?

கடைக்காரர் லாபமும் சேரும். வாடகை, ஆள் சம்பளம் போக ஜெர்சிக்கு 30 யூரோ நின்றாலும் 74 லட்சம் விற்க வேண்டும். பெயர், எண் அச்சுக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம். அதில் லாபம் நல்லது. ஆனால் முன்கூட்டியே அச்சடித்து அடுக்கிவிட்டு, ஆட்டக்காரர் திடீரென்று கிளப் மாறினால் அத்தனையும் தள்ளுபடிக் கூடைக்குத்தான். அதனால் வெற்று ஜெர்சியை இருப்பு வைத்து, கேட்ட பிறகு வெப்ப அச்சில் ஒட்டிக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

கேள்வி: ராயல்டி சதவீதத்தை உயர்த்திக் கேட்கலாமே?

கேட்கலாம், ஆனால் விற்பனை எப்படி இருந்தாலும் தயாரிப்பு நிறுவனம் வருடந்தோறும் தரும் நிலையான தொகை குறையும். லிவர்பூலுக்கு நைக்கி சொன்னது வருடத்துக்கு 3 கோடி பவுண்டும் நிகர விற்பனையில் 20 சதவீதமும். 2019-ல் நீதிமன்ற வழக்கு ஒன்றில் வெளிவந்த விவரம் இது. மேலே போட்ட கணக்கில் 20 சதவீதம் வைத்தாலும் 2 கோடியே 64 லட்சம் ஜெர்சி வேண்டும்.

மான்செஸ்டர் யுனைடெட் வேறு வழியில் போனது. 2014-ல் அடிடாஸுடன் 10 வருடத்துக்கு 75 கோடி பவுண்டு. ஜெர்சிக் காசின் பெரும்பகுதியை முன்பே பேசி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். நடுவில் ஒரு நட்சத்திரம் வந்து விற்பனை எகிறினால் முதலில் சிரிப்பது அடிடாஸ். ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்கு இரண்டு சீசன் தொடர்ந்து தகுதி பெறாவிட்டால் அந்த வருடத் தொகையில் 30 சதவீதம் வரை வெட்டு என்றும் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆக, நட்சத்திரம் மைதானத்தில் ஜெயித்துக் கொடுப்பதும், அடுத்த ஒப்பந்தப் பேச்சில் கிளப்பின் கையை ஓங்க வைப்பதும்தான் பெரிய காசு.

கேள்வி: மெஸ்ஸி 2021-ல் டிரான்ஸ்ஃபர் தொகையே இல்லாமல் பிஎஸ்ஜிக்கு வந்தாரே, அங்கே ஜெர்சி லாபம்தானே?

தொகைதான் இல்லை, சம்பளம் உண்டு. ஜெர்சிக்கு அதே ஐந்து யூரோதான்.

கேள்வி: பிறகு எப்படித்தான் தொகையை மீட்கிறார்கள்?

இளம் வயதில் வாங்கி விற்பதில். ரொனால்டோவை யுனைடெட் 2003-ல் 1.22 கோடி பவுண்டுக்கு வாங்கி, 2009-ல் 8 கோடிக்கு விற்றது. அதே ரொனால்டோவை யுவென்டஸ் 2018-ல், 33 வயதில், 10 கோடி யூரோவுக்கு 4 வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. வாங்கிய தொகையை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள் என்பதால், கணக்குப் புத்தகத்தில் வருடத்துக்கு 2.5 கோடி கழியும். மூன்று வருடத்தில் மிச்சம் 2.5 கோடி, ஆனால் 2021-ல் அவரைத் திரும்ப வாங்க யுனைடெட் கொடுக்கச் சம்மதித்த அடிப்படைத் தொகை 1.5 கோடிதான்.