மாமாவுக்கு இன்னொரு டாப்-அப் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது. சொந்த ஊர் ஜோலார்பேட்டை பக்கம். பெங்களூரு கே.ஆர்.புரத்தில் தங்கி ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது 54,000. பிறவியிலேயே இடது இடுப்பு மூட்டில் குறை, ஹிப் டிஸ்பிளேசியா என்பார்கள். 5 வயதில் ஆபரேஷன் நடந்தது. அதற்கான 85,000 ரூபாயைத் தாய்மாமாதான் கொடுத்தார். இப்போது வலி கூடிவிட்டது. தேய்மானம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, ஒன்றரை வருடத்துக்குள் ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது என்கிறார் டாக்டர். இதற்கிடையே, மாமாவின் மினி லாரிக்காக மூன்றரை வருடம் முன் 4 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன். இரண்டு வருடம் கழித்து டாப்-அப் செய்து, அதாவது இருக்கிற லோன் மேலேயே கூடுதல் கடன் வாங்கி, அது 6 லட்சமானது. இப்போது இன்னும் 2.5 லட்சம் கேட்கிறார். “உன் காலுக்காக நான் அன்னிக்கு யோசிச்சேனா?” என்கிறார். பேங்க் ஆப்பிலும் அந்தத் தொகை தயார் என்று வருகிறது. சிக்கனத்துக்காக மூன்றாம் மாடி வீட்டுக்கு மாறிவிட்டேன், வாடகை 2,500 மிச்சம். சிறிய கம்பெனிகளின் பங்குகளில் போடும் ஸ்மால் கேப் ஃபண்டில் மாதம் 3,000 எஸ்.ஐ.பி. போகிறது. ஹெல்த்தும் சேமிப்பும் சேர்ந்த ஒரு பாலிசியை மாதம் 5,000-க்கு ஏஜென்ட் சொல்கிறார். அதை எடுக்கலாமா?

பதில்: நீங்கள் கேட்டது பாலிசி பற்றி. நான் நின்றுவிட்டது மூன்றாம் மாடியில். லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதவில்லை. 2,500 ரூபாய் குறைவு என்றால் இருக்காது என்றே எடுத்துக்கொள்கிறேன். மாமாவின் லாரிக்குத் தவணை கட்ட, தேய ஆரம்பித்த மூட்டோடு தினமும் மூன்று மாடி ஏறி இறங்குகிறீர்கள்.

முதலில் லோன் கணக்கு. வட்டியும் காலமும் எழுதவில்லை, 14 சதவீதம், ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு வருடம் மாதம் 9,300, அப்புறம் 18 மாதம் கிட்டத்தட்ட 14,000. இதுவரை கட்டியது சுமார் 4.75 லட்சம். பாக்கி இன்னும் 4.6 லட்சம். கட்டியதில் 2 லட்சத்துக்கு மேல் வட்டிக்கே போய்விட்டது. டாப்-அப்பில் இதுதான் வினை. லோன் கொஞ்சம் கரைந்ததும் பேங்க் மறுபடி ஐந்து வருடத்துக்கு நீட்டிவிடுகிறது, வட்டி அதிகம் போகிற ஆரம்ப மாதங்கள் மறுபடி முதலிலிருந்து வருகின்றன. ஆப்பில் “தயார்” என்று வருவது பேங்க் உங்கள் மேல் வைத்த பாசம் அல்ல.

இப்போது 2.5 லட்சம் சேர்த்தால் லோன் 7.1 லட்சம், தவணை 16,500. இன்றைய லோனை முடிக்க இன்னும் 42 மாதத்தில் 5.9 லட்சம் கட்டினால் போதும். புதியதற்கு 60 மாதத்தில் 9.9 லட்சம். மாமா கைக்குப் போவது 2.5 லட்சம், உங்கள் கையிலிருந்து கூடுதலாகப் போவது 4 லட்சம். முடிக்கும்போது உங்களுக்கு வயது 33.

நன்றிக்கடன் விஷயத்தில் கணக்குப் பார்ப்பது உறவுக்கு அழகில்லை என்பார்கள். கணக்கை ஆரம்பித்தவர் மாமாதானே, பார்த்துவிடுவோம். அன்றைய 85,000-க்கு 23 வருடம், 8 சதவீதம் கூட்டு வட்டி போட்டால் சுமார் 5 லட்சம். அவருக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்தது 4 லட்சமும் 3.3 லட்சமும், ஆக 7 லட்சத்துக்கு மேல். அதன் வட்டியையும் நீங்களே கட்டுகிறீர்கள். அவர் செய்தது பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது திரும்பிப் போய்விட்டது. வீட்டில் இருப்பவர்களுக்கு இதை வாயால் சொன்னால் ஏறாது. ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

இதில் அவசரம் ஏன் என்றால், டாக்டர் சொன்ன கெடு அப்படி. உங்கள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லை, தொடை எலும்பின் பந்தைச் சரியாக மூடவில்லை. இடுப்பெலும்பை வெட்டி, கிண்ணத்தைத் திருப்பிப் பொருத்தும் ஆபரேஷனைத்தான் டாக்டர் சொல்கிறார் என்று நினைக்கிறேன். குருத்தெலும்பு நன்றாக இருக்கும்போது செய்தால்தான் அதனால் பலன். தேய்ந்து முடிந்தபின் மிஞ்சுவது மூட்டு மாற்று. முப்பதுகளில் செயற்கை மூட்டு வைத்தால் பிற்பாடு ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரலாம், அது இன்னும் பெரிய செலவு. அதாவது ஒவ்வொரு டாப்-அப்பும் இந்த ஆபரேஷனைத்தான் தள்ளிப்போடுகிறது.

ஆபரேஷன் செலவைப் பெரும்பாலும் கம்பெனி இன்ஷூரன்ஸ் ஏற்கக்கூடும். ஹெச்.ஆரிடம் “கவர் ஆகுமா” என்று பொதுவாகக் கேட்காதீர்கள், ஆகும் என்பார்கள். உடலுக்குள் இருக்கும் பிறவிக் குறைக்கு கவர் உண்டா, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் (கிளெய்ம் கிடைக்காத ஆரம்பக் காலம்) தள்ளுபடியா, அறை வாடகைக்கு வரம்பு எவ்வளவு என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலில் வாங்குங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வரம்பு நாளுக்கு 5,000 என்று இருந்து நீங்கள் 8,000 அறை எடுத்தால், 3,000-ஐ மட்டும் கொடுத்துத் தப்பிக்க முடியாது. பல பாலிசிகளில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள்.

அப்படியென்றால் கையில் காசு எதற்கு? ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் ஊன்றுகோல், அப்புறம் பிசியோதெரபி. ஆபீஸ் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகலாம். லீவு தீர்ந்து சம்பளம் நின்றாலும் லோன் தவணை நிற்காது. மாதம் 40,000 வீதம் மூன்று மாதம், இன்ஷூரன்ஸ் தராத சில்லறைச் செலவுகள் 60,000 முதல் 80,000. ஆக 2 லட்சம். சம்பளத்தில் செலவு போக மிஞ்சுவது, எஸ்.ஐ.பி. உள்பட, 6,500 இருக்கும் என்று வைத்தால் 18 மாதத்தில் 1.17 லட்சம். போனஸ் வந்தால் அதையும், ஃபண்டில் இருப்பதையும் எடுத்துச் சேர்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஆம், ஸ்மால் கேப் எஸ்.ஐ.பி.-யை நிறுத்தச் சொல்கிறேன். ஆபரேஷன் தேதி குறித்த வாரத்தில் மார்க்கெட் 25 சதவீதம் விழுந்தால் தேதியை மாற்றுவீர்களா? பணம் ஆர்.டி.யில் இருக்கட்டும். லோனை முன்கூட்டி அடைக்கவும் இப்போது வேண்டாம். வழக்கமாக 14 சதவீத லோனை முதலில் அடை என்பேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் கட்டிய பணம் ஊன்றுகோலோடு இருக்கும் மாதத்தில் திரும்பி வராது.

ஏஜென்டின் பாலிசி யூலிப் (இன்ஷூரன்ஸோடு மார்க்கெட் முதலீடும் சேர்ந்தது) வகையாக இருந்தால் ஐந்து வருடம் பணத்தைத் தொட முடியாது, உங்களுக்குத் தேவை 18 மாதத்தில். கிரிட்டிக்கல் இல்னெஸ் ரைடர் (பெரிய நோய்களுக்குப் பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் கவர்) என்று ஆசை காட்டினால், அது புற்றுநோய், மாரடைப்பு மாதிரிப் பட்டியலிட்ட நோய்களுக்கு மட்டும்தான். அந்தப் பட்டியலில் இடுப்பு மூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள், ஏஜென்ட் பேச்சை மாற்றுவார். அதற்குப் பதில் சாதாரண ஹெல்த் பாலிசி ஒன்றைச் சொந்தப் பெயரில் இப்போதே எடுங்கள், மூட்டுக் குறையை மறைக்காமல் எழுதி. மறுக்கலாம், கூடுதல் பிரீமியம் கேட்கலாம். இரண்டு மூன்று கம்பெனிகளில் முயன்று பாருங்கள். 2024-ல் வந்த விதிப்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். இந்த ஆபரேஷனுக்கு அது உதவாது, பிற்பாடு மூட்டு மாற்று தேவைப்பட்டால் உதவும். வேலை மாறினாலும் கையோடு வரும்.

ஊனச் சான்றிதழ் வாங்கினால் வரியில் 75,000 கழிவு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பழைய வரி முறையில்தான். உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றளித்தால் அரசு வேலை ஒதுக்கீட்டுக்கு உதவும், அதற்காக வாங்கலாம்.

மாமாவிடம் வாதம் செய்யாதீர்கள். “ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போறாங்க மாமா, புது லோன் எடுக்க முடியாது” என்று மட்டும் சொல்லுங்கள். மாதம் 4,000 திருப்பித் தர முடியுமா என்றும் கேளுங்கள். தந்தால் லாபம், ஆனால் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அப்புறம் வீடு. தரைத்தளத்துக்கோ லிஃப்ட் உள்ள இடத்துக்கோ மாறுங்கள். மாதம் 2,500 கூடினால் 18 மாதத்துக்கு 45,000, மேலே போட்ட கணக்கில் அந்த ஓட்டை விழும், விழட்டும். காலி செய்யும்போது பெயின்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பார்கள். அக்ரிமென்டில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை மாத நோட்டீஸ் தர வேண்டும் என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.