மார்ச்சில் அடித்தவர் ஏப்ரலில் எங்கே?

கேள்வி: நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். மகனுக்குப் பதினைந்து வயது. அவரோடு இருந்து பேஸ்போல் பார்த்துப் பார்த்தே எனக்கும் நம் ரொறன்ரோ அணியான ப்ளூ ஜேஸ் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு மார்ச்சிலும், சீசனுக்கு முந்திய ஆயத்த ஆட்டங்கள் நடக்கும் டனீடினில், யாரோ ஓர் இளைஞர் வெளுத்து வாங்குகிறார். சீசன் தொடங்கும்போது பார்த்தால் அவரைக் கீழ்த்தர அணியான பஃபலோவுக்கு அனுப்பிவிட்டு, சுமாராக ஆடிய ஒருவரை வைத்திருக்கிறார்கள். "எல்லாம் காசுக்காகத்தான் அம்மா" என்று மகன் கொதிக்கிறார். 2025 ஜூலையில் ஒரு நல்ல பெடியனைக் கொடுத்துவிட்டுச் சத்திரசிகிச்சை முடித்த ஒரு பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, வாங்கியபோதும் வீட்டில் இதே சண்டை. அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? எந்த இளைஞர் மேல் நம்பிக்கை வைக்கலாம் என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

பதில்: காசு விஷயத்தை முதலில் பேசுவோம். அதில் மகன் சொல்வது பொய்யில்லை.

மேஜர் லீக்கில், அதாவது மேல்மட்ட லீக்கில், ஒரு வீரர் ஆறு வருடம் சேவை முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட் ஆகித் தான் விரும்பிய அணிக்குப் போகலாம். சேவை நாட்கணக்கில் எண்ணப்படுகிறது. சீசன் ஏறக்குறைய 187 நாள் நீளம். அதில் 172 நாள் இருந்தாலே ஒரு முழு வருடம். ஆகவே புதியவர் ஒருவரை முதல் 16 நாள் அதற்குக் கீழே உள்ள மைனர் லீக்கில் நிறுத்தினால் அவர் கணக்கில் 171 நாள்தான் சேரும். ஒரு நாள் குறைந்ததால் அந்த வருடம் முழு வருடமாகாது. அணிக்கு ஏறக்குறைய ஏழு சீசன் அவர் கைக்குள் இருப்பார். சிகாகோ கப்ஸ் 2015இல் க்ரிஸ் ப்ரையன்டுக்குச் செய்தது இதுவே. ஆயத்த ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் அடித்தவரை ஏப்ரல் 17ஆம் திகதிதான் மேலே கொண்டுவந்தார்கள். அந்த வருடமே அவர் சிறந்த ரூக்கி (புதுமுக வீரர்), அடுத்த வருடம் எம்.வி.பி. (மிகச் சிறந்த வீரர்). அவர் போட்ட முறைப்பாடு 2020இல் தள்ளுபடியானது.

நம் ஊரில் இதற்கு உதாரணம் வ்ளாடிமிர் குரேரோ ஜூனியர். 2018இல் மைனர் லீக்கில் மேலிருந்து இரண்டாம் படியான டபிள் ஏ தரத்தில் அவருடைய துடுப்பாட்டச் சராசரி .402, எல்லாத் தரத்தையும் சேர்த்தால் .381. பத்தொன்பது வயதில் அப்படி அடித்தவரை அந்த செப்டம்பரில்கூட அழைக்கவில்லை. களத்தடுப்பு இன்னும் தேறவேண்டும் என்றார்கள். 2019 மார்ச்சில் வயிற்றுப் பக்கத் தசையில் அவருக்கு உண்மையாகவே காயம் வந்தது, அதை மறைக்கக்கூடாது. ஆனாலும் ஏப்ரல் 26ஆம் திகதி அவர் களமிறங்கியபோது ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் நாள் 2024இன் முடிவிலிருந்து 2025இன் முடிவுக்குத் தள்ளிப்போயிருந்தது. 2018 செப்டம்பரில் அவரை வெளியே வைத்தது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அணிக்கும் அது இலவசமாகக் கிடைக்கவில்லை. முழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக முடிப்பவர்களுக்கு, சம்பளத்தை நடுவர் முன் பேசும் உரிமை ஒரு வருடம் முந்தியே வந்துவிடும். குரேரோவுக்கு அது மூன்று தடவைக்குப் பதில் நான்கு தடவை வந்தது: 2024இல் 19.9 மில்லியன் டொலர், 2025இல் 28.5 மில்லியன். பிறகு 14 வருடம், 500 மில்லியன் ஒப்பந்தம்.

அணிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையில் 2022இல் வந்த தொழில் ஒப்பந்தம் இந்தத் தந்திரத்தைப் பெருமளவு கட்டிப்போட்டது. இரண்டு வழி. சிறந்த ரூக்கி வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வரும் முன்னணி இளைஞருக்கு, எப்போது அழைத்திருந்தாலும் முழு வருடச் சேவை கிடைக்கும். பால்டிமோரின் அட்லி ரட்ச்மன் 2022 மே மாதம் வந்தார், பிட்ஸ்பர்க்கின் போல் ஸ்கீன்ஸ் 2024 மே மாதம் வந்தார். இருவருக்கும் முழு வருடம் எழுதப்பட்டது. பிந்தி அழைத்ததால் அணிக்கு ஒரு பயனும் இல்லை. மாறாக, முதல் நாளிலிருந்தே வைத்திருந்து அந்த இளைஞர் விருது வென்றால் அணிக்கு மேலதிகமாக ஒரு ட்ராஃப்ட் தெரிவு, அதாவது புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும்போது இன்னொரு வாய்ப்பு. சியாட்டில் அணிக்கு ஹூலியோ ரொட்ரிகேஸால் கிடைத்தது இதுதான். ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் திகதியோடு முடிகிறது, அதற்குப் பிறகு விதிகள் மாறலாம். இப்போதைக்கு, முதல் தரமான ஓர் இளைஞரைக் கீழே அனுப்பினால் காசுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டவேண்டாம்.

அப்படியானால் சுமாரானவர் ஏன் இருக்கிறார்? பெரும்பாலும் அவரிடம் 'ஒப்ஷன்' முடிந்திருக்கும். மகனுக்கு நீங்கள் விளக்கவேண்டிய சொல் இது.

அணியில் இரண்டு பட்டியல் உண்டு. தினமும் ஆடத் தகுதியான 26 பேர் ஒன்று. அவர்களையும் சேர்த்து, அணி தனக்கென்று பூட்டிவைத்திருக்கும் 40 பேர் மற்றது. 40க்குள் வந்த ஒருவரை மூன்று சீசன்களில் மட்டும் தடையில்லாமல் மைனர் லீக்குக்கு அனுப்பி எடுக்கலாம். ஒரு சீசனில் மொத்தம் 20 நாளோ அதற்கு மேலோ கீழே இருந்தால் ஓர் ஒப்ஷன் செலவு. 20க்குள் திரும்பிவிட்டால் செலவில்லை. ஒரே சீசனில் ஐந்து தடவைக்கு மேல் அனுப்பவும் முடியாது. மூன்றும் தீர்ந்தவரைக் கீழே அனுப்பவேண்டுமானால் வேவரில் போடவேண்டும், அதாவது மற்ற 29 அணிகளுக்கும் காட்டவேண்டும். யாராவது ஒருவர் கை தூக்கினால் ஆள் போய்விட்டார்.

இப்போது மார்ச் மாதக் கடைசி நாளில் அணி முகாமையாளரின் இடத்தில் இருந்து பாருங்கள். இளைஞருக்கு மூன்று ஒப்ஷன் மிச்சம், மற்றவருக்கு ஒன்றும் இல்லை. இளைஞரைப் பஃபலோவுக்கு அனுப்பினால் இருவரும் அணியிலேயே இருக்கிறார்கள். மற்றவரை அனுப்பினால் ஒருவர் போய்விடுவார். மே மாதத்துக்குள் யாராவது காயப்படுவது நிச்சயம், அன்று இருவருமே தேவை. அதனால், யார் திறமானவர் என்பதோடு யாரை இழக்கநேரும் என்பதையும் அன்று எண்ணுகிறார்கள்.

இன்னொரு காரணமும் சேரும். 26ஆவது ஆளாக இருப்பவர் வாரத்துக்கு இரண்டு நாள் ஆடினால் அதிகம். மூன்று இடத்தில் மாறி மாறிக் களத்தடுப்புச் செய்யவேண்டும், ஒன்பதாம் இன்னிங்ஸில் ஓடவேண்டும். 21 வயதுப் பிள்ளைக்கு அது நஞ்சு. அவருக்கு ஒவ்வொரு நாளும் நான்கு, ஐந்து தடவை துடுப்பெடுக்கும் சந்தர்ப்பம் வேண்டும். அது பஃபலோவில்தான் கிடைக்கும்.

வாங்கில் இருத்திவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ரொறன்ரோ ரசிகர்கள் நன்கு அறிந்த ஒருவரையே காட்டலாம். 40 பேருக்குள் பூட்டாமல் விட்ட வீரரை டிசம்பரில் வேறு அணி 100,000 டொலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த சீசன் முழுவதும் 26க்குள் வைத்திருக்கவேண்டும், இல்லையென்றால் பழைய அணிக்குத் திருப்பிக் கொடுக்க முன்வரவேண்டும். இதற்கு ரூல் 5 என்று பெயர். ஹோசே பௌட்டிஸ்டாவை 2003 டிசம்பரில் பால்டிமோர் அப்படி எடுத்தது. 2004இல் அவர் ஐந்து அணிகளின் பட்டியலில் மாறி மாறி இருந்தார். அந்த சீசனில் நூறு தடவைகூட அவர் துடுப்பெடுக்கவில்லை. 54 ஹோம் ரன் அடித்த 2010 வருவதற்கு அவர் இன்னும் ஆறு வருடம் காத்திருந்தார். மார்க்கம் பெடியன் ஜோர்டன் ரொமானோவுக்கோ அதே விதி அதிர்ஷ்டமாக அமைந்தது. 2018 டிசம்பரில் ப்ளூ ஜேஸ் பூட்டத் தவறிய அவரை வேறு அணி எடுத்தது, 2019 மார்ச்சில் வைத்திருக்க இடமில்லாமல் திருப்பி அனுப்பியது. பிட்சரான அவர் 2022, 2023 இரண்டிலும் ப்ளூ ஜேஸுக்குத் தலா 36 ஆட்டங்களைக் கடைசியில் வீசி வெற்றியோடு முடித்துக்கொடுத்தார். கைநழுவியவரைப் பற்றி அணியைத் திட்டுவது நியாயம்தான். ஆனால் 40இல் ஒவ்வொரு பெயருக்கும் இன்னொரு பெயரை அழிக்கவேண்டும் என்பதையும் மகன் கணக்கில் எடுக்கவேண்டும். 18 வயதிலோ அதற்கு முன்னரோ ஒப்பந்தமானவரை ஐந்து சீசனுக்குப் பிறகும், மற்றவர்களை நான்கு சீசனுக்குப் பிறகும் நவம்பர் நடுவில் பூட்டவேண்டும். சீசன் நடக்கும்போது நீண்ட காயக்காரர்களை 60 நாள் பட்டியலில் போட்டு 40இல் இடம் பிடிக்கலாம்; சீசன் முடிந்ததும் அந்தப் பட்டியல் இல்லை, எல்லோரும் 40க்குள் திரும்பவேண்டும். நவம்பரில் திடீரென்று நல்ல பெயர்கள் வெளியே போவது இதனால்.

சரி, யாரை நம்புவது? ஆயத்த ஆட்டங்களின் சராசரியை நம்பவேண்டாம். மார்ச்சில் ஒருவர் ஐம்பது, அறுபது தடவை துடுப்பெடுப்பார். ஆறாம் இன்னிங்ஸுக்குப் பிறகு எதிரே வீசுவது பெரும்பாலும் டபிள் ஏ பிள்ளைகள். அனுபவமுள்ள பிட்சர்கூட அன்று புதிய வீச்சு ஒன்றைப் பழகிப் பார்த்துக்கொண்டிருப்பார். அடிவாங்குவது பற்றி அவருக்குக் கவலையில்லை. துடுப்பாட்டச் சராசரி ஒருவரின் உண்மைத் தரத்தைக் காட்ட ஏறக்குறைய 900 தடவை வேண்டும். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) விகிதம் அறுபது தடவையிலேயே ஓரளவு தெரிந்துவிடும், வோக் (நான்கு தவறான வீச்சால் இலவசமாக முதல் தளம் போவது) விகிதத்துக்கு 120 போதும். ஆகவே மார்ச்சில் .400 அடித்தாரா என்பதை விடுங்கள். எத்தனை தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆனார் என்று எண்ணுங்கள். மேஜர் லீக்கில் சராசரி துடுப்பாட்டக்காரர் நூற்றுக்கு 22 தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆகிறார். மைனர் லீக்கின் மேல்படியான ட்ரிபிள் ஏயிலேயே 30 தாண்டுபவருக்கு மேலே வந்தால் அது பெரும்பாலும் இன்னும் ஏறும், இறங்காது.

வயதையும் தரத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் டபிள் ஏ ஆடும் 20 வயதுக்காரர் .270 அடிப்பது, அதே இடத்தில் 25 வயதுக்காரர் .310 அடிப்பதைவிடப் பெரியது. முதலாமவர் தன்னைவிட நாலைந்து வயது மூத்தவர்களைச் சந்திக்கிறார். தேர்வாளர்கள் 20இலிருந்து 80 வரை புள்ளி போடுவார்கள், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. '50' என்று கண்டு மகன் மனமுடைய வேண்டாம். உலகத்தின் மிகப் பெரிய லீக்கில் தினமும் ஆடத் தகுதியானவர் என்றுதான் அதற்குப் பொருள்.

முதல் சில வாரம் தடுமாறினால் கைவிடவும் கூடாது. மைக் ட்ரவுட் 2011இல் வந்து 40 ஆட்டத்தில் .220தான் அடித்தார். அடுத்த வருடம் அவரே சிறந்த ரூக்கி.

பிட்சர்கள் விஷயத்தில் என் கருத்து கடுமையானது: டபிள் ஏ தாண்டாத பிட்சரைப் பாதி நம்புங்கள். முழங்கை எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பிட்சர் ரிக்கி டீடமன் ப்ளூ ஜேஸின் இளைஞர் வரிசையில் முதல் பெயராக இருந்தபோதே, 2024இல் முழங்கைச் சத்திரசிகிச்சைக்குப் போனார். இதனால்தான் மகன் கோபப்பட்ட அந்த ஜூலைப் பரிமாற்றத்தை நான் ஆதரிக்கிறேன். ப்ளூ ஜேஸ் கொடுத்தது கால் ஸ்டீவனை, 2024 ட்ராஃப்டின் இரண்டாம் சுற்றில் எடுத்தவர், அப்போது டபிள் ஏ. வாங்கியது ஷேன் பீபரை, 2020இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றவர், 2024 ஏப்ரலில் சத்திரசிகிச்சை செய்தவர். ஆபத்து இருந்தது. ஆனால் அணியின் முக்கிய துடுப்பாட்டக்காரர்களில் போ பிஷெட் அந்த சீசனோடு ஃப்ரீ ஏஜென்ட், ஜோர்ஜ் ஸ்ப்ரிங்கருக்கு வயது 35. ஸ்டீவன் தயாராகும் வருடத்தில் அந்த அணியே இருக்காது. பீபர் உலகத் தொடரின், அதாவது சீசனின் இறுதித் தொடரின், நான்காவது ஆட்டத்தைத் தொடங்கி வென்றுகொடுத்தார். கடைசியான ஏழாவது ஆட்டத்தின் 11ஆம் இன்னிங்ஸில் நம்மைத் தோற்கடித்த ஹோம் ரன்னைக் கொடுத்தவரும் அவரே. அந்த வலி எனக்கும் இருக்கிறது; அதனால் ஜூலை முடிவு பிழையாகிவிடாது.

வீட்டில் ஒரு கொப்பி வையுங்கள். 40 பேரின் பெயர், எத்தனை ஒப்ஷன் மிச்சம், எத்தனை வருடம் எத்தனை நாள் சேவை, 26 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஸ்ட்ரைக் அவுட் விகிதம். மார்ச் 20ஆம் திகதியளவில் மகனோடு இருந்து ஒப்ஷன் இல்லாதவர்களுக்குச் சிவப்புக் கோடு போட்டால், யார் பஃபலோவுக்குப் போவார்கள் என்பதில் பெரும்பகுதியை நீங்களே முந்திச் சொல்லிவிடலாம்.

அந்தக் கொப்பியில் இளம் பிட்சர் ட்ரே யெசாவேஜின் பெயரைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். 2024 ட்ராஃப்டின் 20ஆவது தெரிவு. 2025இல் டனீடின், வன்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், பஃபலோ என்று மைனர் லீக்கின் நான்கு படியையும் ஒரே சீசனில் ஏறி, செப்டம்பர் 15ஆம் திகதி மேலே வந்தவர். உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு வோக்கும் கொடுக்காமல் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். இருந்தும் 2026க்குள் அவர் ரூக்கியாகத்தான் நுழைகிறார். மேஜர் லீக்கில் 50 இன்னிங்ஸையோ 45 நாளையோ தாண்டினால்தான் ரூக்கி நிலை போகும். வழக்கமான சீசனில் அவர் வீசியது 14 இன்னிங்ஸ், ஒக்டோபர் ஆட்டங்கள் கணக்கில் சேராது. அதாவது 172 நாளும் மேலே இருந்து அவர் சிறந்த ரூக்கி ஆனால் ப்ளூ ஜேஸுக்கு ஒரு ட்ராஃப்ட் தெரிவு கூடுதலாக வரும். குரேரோவை எதற்காகக் காக்கவைத்தார்களோ, அதே கணக்கு இந்தத் தடவை இளைஞரின் பக்கம் நிற்கிறது.